சத்தம் நின்றால் ஓடி வருவேன்

உருளை சூடாக இருந்தது.

மழையில் விறைத்த கைக்கு எதைத் தொட்டாலும் அப்படித்தான் தெரியும் என்று அம்ஹர் நினைத்தார். உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்து வைத்துப் பார்த்தார். சூடுதான். அரை மணி நேரம் மிதித்துவிட்டு இறங்கிய பிறகு எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது.

அன்றைக்கு அவர் சைக்கிளில் ஏறவே இல்லை. கலேவெலப் பள்ளிக்கூடத்திலிருந்து மாத்தளை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வீட்டுப் பூட்டைத் திறந்து, நனைந்த குடையை விரித்து வைக்கப் பின்னறைக்கு வந்தவர்தான். மனைவி ஜஸ்லா காலையிலேயே தன் உம்மாவைப் பார்க்க உக்குவெலைக்குப் போயிருந்தாள். மகள் நதா பேராதனையில் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். வீட்டில் வேறு ஈ காக்கா கிடையாது.

வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், காலையிலிருந்து வெயில் என்ற ஒன்றே இல்லை. பின்சக்கரத்துக்குக் கீழே டயர் தேய்ந்து உதிர்ந்த கறுப்புத் தூள் விரல் கனத்துக்குக் கிடந்தது. நேற்று அவரேதான் கூட்டித் துடைத்திருந்தார். ஐந்து பாடவேளை தொடர்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதருக்கு அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. குடையை மூலையில் சாய்த்துவிட்டு, லைட்டை அணைத்துவிட்டு, தேத்தண்ணி போடப் போனார்.

இந்தச் சாமான் வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

போன வருசம் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே அம்ஹர் சரிந்து விழுந்தார். கண்டியில் டாக்டர் இருதயக் குழாயில் வலை வைத்து அனுப்பும்போது மூன்று கட்டளை போட்டார். தினமும் அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்க வேண்டும். நாடி நூற்றிருபதைத் தாண்டக் கூடாது. மிதிக்கும்போது பேசக் கூடாது. "செய்யலன்னா அடுத்த தடவை என்கிட்ட கொண்டு வர நேரம் இருக்காது" என்று ஜஸ்லாவைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு அன்றிலிருந்து நிம்மதியான தூக்கம் இல்லை.

ரோட்டில் மிதிக்கலாம் என்றால், தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிக்காரர்கள் சைக்கிள்காரனை மனுசக் கணக்கில் சேர்ப்பதில்லை. லொறி விட்டால் நாய் விடாது. அவர்கள் இருக்கும் ஒழுங்கையோ ஒரே மேடு, அதில் ஏறினால் நாடி நூற்றிருபதில் எங்கே நிற்கப் போகிறது? ஆக, வீட்டுக்குள்ளேயே மிதிக்க ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. நதாவின் பழைய சைக்கிள் இருந்தது. அதன் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஓர் உருளையோடு அழுத்தி வைக்கும் ட்ரெய்னர் மட்டும் வேண்டும்.

டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த நோபர்ட்டிடம் யோசனை கேட்கப் போனார்கள்.

"சேர், போனோட பேசுற மெசின் ஒண்ணு இருக்கு. மலை, பள்ளம் எல்லாம் திரையில காட்டும். அதோட விலையச் சொன்னா உங்களுக்குத் திரும்பவும் நெஞ்சு வலிக்கும், வேணாம்" என்றார் நோபர்ட். "ரெண்டு உருளை மேல சும்மா ஏத்தி வச்சு ஓட்டுறது சர்க்கஸ்காரனுக்கு. காத்தாடி வச்சது ஊரையே எழுப்பும். எண்ணெய் வச்சது பூனை மாதிரி, சத்தமே வராது, ஆனா விலை கொஞ்சம் கூட. காந்தம் வச்சது நடுத்தரம். ம்ம்ம்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்."

அம்ஹருக்கு எண்ணெய் வைத்ததில் ஆசை. பள்ளிக்கூடத்து இரைச்சலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர் அவர்.

"சத்தம் வேணும்" என்றாள் ஜஸ்லா. "நான் அடுப்படில நிப்பேன். இவங்க பின்னறையில. சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தா இவங்க நல்லா இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். சத்தம் நின்னா ஓடி வருவேன்."

அம்ஹர் எண்ணெய் வைத்ததன் மேலிருந்த ஆசையை அதோடு விட்டார். ஆனால் காந்தம் வைத்ததும் புதிதாக வாங்க எட்டவில்லை. பழையது கிடைத்தால் பார்ப்போம் என்று எழுந்தபோது நோபர்ட் விரலை மடக்கினார்.

"பழசு வாங்கினா மூணு விசயம் பாருங்க சேர். உருளை ஆடாம சுத்துதா? காந்தம் புடிக்குதா? மூணாவது, ஏன் விக்கிறாங்கன்னு கேளுங்க. அத மட்டும் கேக்காம வந்துடாதீங்க."

இரண்டு வாரம் போனில் துழாவியதில் கலேவெலையிலேயே ஒன்று அகப்பட்டது. பள்ளிக்கூடம் விட்டு நேரே போனார். முன் விறாந்தையில் லாபிர் என்ற வாலிபன் நின்றான். வாசல் நிலையில் கனத்த திரை தொங்கியது. திரைக்குக் கீழே ஒரு பெண்ணின் வெள்ளை உடுப்பு ஓரம் தெரிந்து உடனே உள்ளே இழுத்துக்கொண்டது. அம்ஹருக்குப் புரிந்துவிட்டது. மௌத்து வீடு. புருசனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருக்கிறாள்.

"எங்க நானாவோடது" என்றான் லாபிர், இறந்துபோன அண்ணனைக் குறித்து.

ட்ரெய்னர் கொட்டிலில் கிடந்தது, படுக்கை விரிப்பால் போர்த்தி. லாபிர் அதற்குக் கை கொடுக்கவில்லை, கிட்டவும் வரவில்லை. அம்ஹர்தான் விரிப்பை விலக்கி உருளையைச் சுழற்றிப் பார்த்தார். ஆடவில்லை. காந்தம் பிடித்தது. ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்ட சின்ன நெம்பு ஒன்று, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க. மிதியில் பாதம் வழுக்காமல் மாட்டும் தோல் வார்கள்கூடச் சும்மா கிடைத்தன.

மூன்றாவது கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் ஒரு செருமல். மறுபடி ஒரு செருமல். "லாபிர், அவங்ககிட்ட..." என்று ஒரு மெல்லிய குரல். லாபிர் உள்ளே போனான். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல நானா. நீங்க கொண்டு போங்க."

இத்தா வீட்டு வாசலில் நின்று ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பதா? திரைக்குப் பின்னால் இருப்பவளுக்குக் கேட்காதா? அதைவிட அசிங்கம் வேறு உண்டா? அம்ஹர் விலைகூடப் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்து, ஸலாம் சொல்லி, பாரம் தூக்கக் கூடாத மனிதர் அந்த இரும்பைத் தோளில் சுமந்து நடந்தார். பஸ் கொண்டக்டர் சிங்களத்தில் முணுமுணுத்தபடி அதை வெண்டைக்காய் மூட்டைகளுக்கு நடுவில் திணித்தான். மரியாதை தெரிந்தவர்கள்தான் இப்படிப்பட்ட தவறைச் செய்வார்கள். மரியாதை கெட்டவனாக இருந்திருந்தால் கேட்டிருப்பான், தப்பித்திருப்பான்.

முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு ஏறுவார். பின்னறையிலிருந்து அந்த ம்ம்ம் கிளம்பி, நடையைக் கடந்து, அடுப்படியில் தேங்காய் திருவும் ஜஸ்லாவின் காதுக்குப் போகும். தொடக்கத்தில் அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதெல்லாம் அவள் திருவலகையும் கையுமாக ஓடி வந்தாள். பிறகு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நிறுத்துவதற்கு முன் அவர் "நிப்பாட்டுறேன்" என்று குரல் கொடுப்பார். மற்றபடி மிதிக்கும்போது பேச்சில்லை. நதா தன் படிப்பு உதவிப் பணத்தில் நாடி பார்க்கும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கையில் கட்டினால் எண் காட்டும், கழற்றி வைத்தால் இரண்டு கோடு காட்டும். எண் நூற்றிருபதை நெருங்கினால் அம்ஹர் மெதுவாக்குவார். ஜஸ்லா மீண்டும் இரவில் தூங்கத் தொடங்கினாள்.

அப்புறம்தான் உருளை சூடானது.

சூட்டுக்கு அடுத்த நாள், ஆசனம் உயர்ந்திருந்தது. இரண்டு விரல் அளவுதான். ஏறி உட்கார்ந்தபோது பாதம் எட்டாமல் பெருவிரல் நுனியால் மிதிக்க வேண்டியிருந்தது. அவரைவிட நெட்டையான ஒருவருக்கு அது சரியாக இருந்திருக்கும். இறக்கி இறுக்கினார். மறுநாள் பழையபடி உயர்ந்திருந்தது. ஒன்றில் விட்ட நெம்பு ஆறில் நின்றது. தளர்த்தி வைத்த தோல் வார்கள் கடைசித் துளைவரை இறுகியிருந்தன. கைப்பிடி ஈரமாக இருந்தது. பின்னறையில் வலித் தைலத்தின் காரமான வாசம், அதற்கு அடியில் வேர்த்து ஊறிய பனியன் வாசம். அந்த வீட்டில் யாரும் தைலம் பூசுவதில்லை.

நோபர்ட்டிடம் சொல்லலாமா? அவர் சிரிப்பார். ஜஸ்லாவிடம்? அவள் தூங்கத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் தாமதமாகி, மஃரிபுக்குச் சற்று முன்னால், இருட்டும் நேரத்தில், கேற்றைத் திறந்தார். வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. ம்ம்ம். அவர் ஒருநாளும் மிதித்திராத வேகம். செருப்பைக் கழற்றாமல் நடையில் நின்றார். சத்தம் மெல்ல இறங்கி, கனைத்து, ஓய்ந்தது. பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. சக்கரத்தின் கம்பிகள் மட்டும் கடைசிச் சுற்றில் மினுங்கி நின்றன.

கொல்லையில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஜஸ்லா அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"எப்ப வந்து ஏறினீங்க? நிப்பாட்டுறேன்னு சொல்லவே இல்ல. நெஞ்சு திக்குன்னுச்சு எனக்கு."

அவள் கண்ணுக்குக் கீழே பழைய கறுவளையம். அம்ஹர் அதைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் இனி இரண்டு பேருமே தூங்க முடியாது. எதையும் விளக்க அவருக்கு உடம்பில் தெம்பில்லை.

"ஆமா" என்றார். "நான்தான்."

அன்று இரவே லாபிருக்குப் போன் எடுத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டும், பணம் வேண்டாம் என்றார்.

"வேணாம் நானா, இங்க கொண்டு வராதீங்க." பிறகு குரல் இறங்கியது. "மதினியோட இத்தா வெள்ளிக்கிழமை முடியுது. அவங்க உங்க நம்பர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான்தான் குடுக்கல்ல. வெள்ளிக்கிழமை குடுக்குறேன். அதுவரைக்கும்... விட்டு வைங்க."

புதன் அவர் ஏறவில்லை. டயருக்கும் உருளைக்கும் இடையில் கை போகும் அளவுக்குத் திருகைத் தளர்த்தி வைத்தார். வியாழன் ஜஸ்லா கடைக்குப் போய்வந்த பிறகு பார்த்தால் இறுகியிருந்தது, தரையில் தூள் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. அஸர் முடிந்ததும் கரண்ட் போயிற்று. அடுப்படியிலிருந்து ஜஸ்லா எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா ஏறவே இல்லயே நீங்க. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா? சத்தம் கேக்காம எனக்கு ஒரு வேலையும் ஓடுதில்ல."

"ஏறுறேன்" என்றார் அம்ஹர்.

ஏன் ஏறினார் என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. களைப்புக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. அந்தச் சத்தம் எப்படியும் கிளம்பத்தான் போகிறது, வேறு யாரோ கிளப்புவதைவிட நானே கிளப்பிவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது. பத்து நிமிசம். அவள் மனசு ஆறட்டும். ஆசனத்தை இறக்கினார், நெம்பை ஒன்றில் வைத்தார், வார்களைத் தளர்த்தி விட்டார். போனைக் கைப்பிடித் தாங்கியில் செருகினார். ஏறினார்.

கூரைத் தகரத்தில் மழை. யன்னலில் சாம்பல் வெளிச்சம், அதுவும் நிமிசத்துக்கு நிமிசம் குறைந்துகொண்டிருந்தது. சுவரில் அவருடைய நிழல் மேலும் கீழும் அசைந்தது. கடிகாரத்தில் தொண்ணூற்றாறு. தைல வாசம் மெல்ல எழுந்து மூக்கைத் துளைத்தது. தொண்ணூற்றாறு நூற்றெட்டாயிற்று. அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நானா, நான் நூருன்னிஸா. கலேவெல. லாபிரோட மதினி." திரைக்குப் பின்னால் கேட்ட அதே குரல். "இன்னைக்குத்தான் இத்தா முடிஞ்சிச்சு. இன்னைக்குத்தான் நம்பர் தந்தான். நீங்க... அந்தச் சத்தம் கேக்குதே. நீங்க அதுலயா இருக்கீங்க?"

"ம்" என்றார்.

"இறங்குங்க நானா."

மிதிப்பதை விட்டார். இந்த மாதிரிச் சைக்கிளில் மிதிதான் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் மிதியைச் சுழற்றாது. காலை விட்டால் மிதி நிற்க வேண்டும். நிற்கவில்லை. அவருடைய பாதத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. கீழே போயிற்று. மறுபடி மேலே வந்தது.

"அன்னைக்குச் சொல்லத்தான் பார்த்தேன். லாபிர் விடல்ல. எங்க வீட்டுக்காரர் ஹாஷிம் அஸர் தொழுதுட்டு அதுல ஏறினாங்க. நான் அடுப்படில நின்னேன். சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திச்சு. சத்தம் கேக்குதுதானேன்னு நானும் என் பாட்டுல வேல செஞ்சேன். மஃரிப் போச்சு, ராத்திரி இஷாவும் முடிஞ்சிச்சு. அதுக்குப் பிறகுதான் போய்ப் பார்த்தேன்..."

பாதத்தை இழுத்தார். வராது. வார் இறுகியிருந்தது. எலும்புவரை.

"உடம்பு சில்லுன்னு இருந்திச்சு நானா. எப்பவோ மௌத்தாயிட்டாங்க. காலு மட்டும் நிக்கல்ல."

நெம்பு தானாக நகர்ந்தது. இரண்டு. மூன்று. ஆறு. நூற்றிருபத்தைந்து. நூற்றைம்பது. முழங்கால்கள் அவர் நெஞ்சுவரை வந்து இடித்தன. ஆசனம் அவருக்கு அடியில் மெல்ல எழும்பியது. இரண்டு விரல்.

"நானா? இறங்கிட்டீங்களா? நானா?"

ஜஸ்லாவைக் கூப்பிட வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. கத்த வேண்டாம். சத்தம் நின்றால் போதும். ஒரு நொடி நின்றால் போதும், அவள் ஓடி வந்துவிடுவாள். இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்தார். கைகளையும் தூக்கிக்கொண்டு தொடை எழும்பியது. பிரேக்கைப் பிடித்தார். பிடித்தது போலவே இல்லை. ம்ம்ம். ஒரே சீர். கொஞ்சமும் பிசகாமல்.

இடப்பக்கம் வலித்தது. அந்த வலி அவருக்குத் தெரியும். கரும்பலகைக்கு முன்னால் வந்த அதே வலி.

"லைட் கொண்டாரவா?" அடுப்படியிலிருந்து ஜஸ்லா.

பதில் இல்லை. மிதிக்கும்போது அவர் பேசுவதில்லை. அவளுக்கு அது தெரியும்.

தலை கவிழ்ந்தது. நெற்றி கைப்பிடியில் பட்டது. மழை தூரத்துக்குப் போயிற்று. போனில் அந்தப் பெண் அழுதுகொண்டே ஏதோ ஓதினாள், அதுவும் தூரத்துக்குப் போயிற்று. கண்ணுக்கு நேரே மணிக்கட்டு. அதில் கடிகாரம். எண் இல்லை.

இரண்டு கோடு.

காது மட்டும் இன்னும் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையில் கரண்டி சுற்றுவது கேட்டது. ஜஸ்லாவின் போன் அடிப்பது கேட்டது. அவள் குரலில் பல நாளாக இல்லாத ஒரு குளிர்ச்சி.

"நதாவா? சாப்பிட்டியா மக? வாப்பாவா, நல்லா இருக்காங்க, அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு நாள் விட்டுட்டு இன்னைக்கு நல்லா மிதிக்கிறாங்க. இரு, சத்தம் கேக்குதான்னு பாரு."

நடையில் இரண்டு எட்டு வைத்து, இருட்டுக் கதவின் பக்கம் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்குதா மக?"